கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“ஒரு நாள் அவங்க வந்து உன்கிட்ட கேப்பாங்க” என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா. “தெரியாதுன்னு சொல்லிடாதே. எல்லாம் தெரியும்னும் சொல்லாதே. பாதிதான் புரியுதுன்னு சொல்லு.”

“எதைக் கேப்பாங்க?”

அக்கா அதற்குள் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள். அவள் அப்படித்தான். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போவாள், வாய் மட்டும் ஓயாது.

மீன்காரி நுண்ணோக்கிக்குத் திரும்பினாள். மீன் முட்டைக்குள் இதயம் எப்படித் துடிக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. அதனால் ஆய்வுக்கூடத்தில் விழுந்த பேர் அது. கூப்பிடுவது அவள் காதில் விழாது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் பேச்சு.

படித்து முடித்தபின் அவள் ஏறி இறங்காத ஆய்வுக்கூடம் இல்லை. “அபாய மணி அடிச்சா உனக்குக் கேக்காதேம்மா” என்று போன இடமெல்லாம் ஒரே பாட்டு. இங்கே மட்டும் மாலை போடாத குறை. “உன்னை மாதிரிப் பிள்ளைங்க ஆராய்ச்சிக்கு நிறைய வரணும். கதவைத் திறந்து வைக்கவேண்டியது எங்க கடமை” என்றார் துறைத் தலைவி. மீனைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். நடுவில் கண்ணாடி இருந்தாலும் உதடு புரியுமா?

கிருமி புகாத அறைகளில் இருப்பவர்களோடு பேசுவதற்காக இருக்கும் என்று நினைத்து, புரியும் என்றாள்.

அப்படிக் கிடைத்த தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமா இல்லையா என்று மாலையில் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால், அண்ணன் கடைக் கல்லாவில் போய் உட்காரவேண்டியதுதான். அண்ணி இப்போதே அதற்கு ஒரு நாற்காலி வாங்கி வைத்திருந்தாள்.

பக்கத்து மேஜை மீசைக்காரர், அவள் வந்த வாரமே மீசையை மழித்துவிட்டார். “உதடு தெரியணும்ல?” என்றார். அன்று அவர் மனைவி ஆள் அடையாளம் தெரியாமல் கதவையே திறக்கவில்லையாம். இத்தனை கரிசனம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் எப்போதும் கண்ணாடிக்கு முதுகு காட்டியே உட்கார்ந்தார். எல்லோருமே அப்படித்தான். அவள் மேஜை மட்டும் கண்ணாடியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது பழைய செல் வளர்ப்பு அறை. இந்தப் பக்கத்துக் கதவின் இடுக்கெல்லாம் அகலமான டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். அக்கா வேறு வழியாக வந்து போகிறாள் போலிருக்கிறது. காலையில் இவள் வரும்போது அங்கே இருப்பாள். இவள் கிளம்பும்போதும் இருப்பாள். மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று பேசினாலும் கண்ணாடியில் மூச்சு படிவதில்லை. நல்ல கண்ணாடி என்று மீன்காரி நினைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் மீனைப் பற்றிக் கேட்டது அவள் ஒருத்திதான்.

“துடிப்பு எங்க ஆரம்பிக்குது?”

“ஒரே ஒரு செல் முதல்ல அசையுதுக்கா. மத்ததெல்லாம் அதைப் பாத்துட்டு அசையுது.”

“பாத்துட்டா?” அக்கா சிரித்தாள். “வேற யாரா இருந்தாலும் ‘கேட்டுட்டு’ன்னு சொல்லியிருப்பாங்க.” பிறகு சிரிப்பு நின்றது. “நான் பேசி ஒருத்தர் பதில் சொல்லி ரொம்ப நாளாச்சு.”

மாலையில் துறைத் தலைவி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, விளக்கு முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி. வீட்டுக்குக் கிளம்பவேண்டிய எல்லோரும் கிளம்பாமல் நின்றார்கள்.

“மேடம், என் வேலை...”

“அதுக்குத்தான் வந்தேன். இத்தனை நாள் பொறுத்திருந்தோம். நீ அவகூட பேசுறதை எல்லாரும் கவனிச்சுட்டுத்தான் இருக்கோம். அவ என்ன சொல்றா?”

“அக்காவா? மீன் எப்படி இருக்குன்னு கேப்பாங்க. நீங்களே அவங்ககிட்ட கேக்கலாமே மேடம்.”

மீசைக்காரர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவி, மழலைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தார்.

“அந்த அறைக்கு வேற வாசல் கிடையாதும்மா. வருஷக்கணக்குக்கு முன்னால உள்ள வாயு கசிஞ்சது. கதவை அடைக்கவேண்டியதாப் போச்சு. அவ உள்ள இருந்தது யாருக்கும் தெரியாது. அன்னிலேருந்து அங்கயே நின்னு பேசிட்டிருக்கா. நாங்க எல்லாரும் பாக்குறோம். சத்தம் மட்டும் வர்றதில்லை. அதுக்காகத்தான் உன்னை எடுத்தோம்.”

மீன்காரியின் பார்வை கதவு இடுக்கில் ஒட்டியிருந்த டேப்புக்குப் போய்த் திரும்பியது. தலைவியின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

“யார் பேரையாவது சொல்றாளா?”

மீன்காரி அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். அக்கா முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு, இவளுடைய உதட்டையே பார்த்தபடி நின்றாள்.

“ஒரு பேர் சொல்றாங்க மேடம்” என்றாள் மீன்காரி. “பாதிதான் புரியுது. மீதியும் புரியணும்னா, நான் இன்னும் ரொம்ப வருஷம் இந்த மேஜையிலயே இருக்கணும்.”