பெட்டியின் எடை

பெட்டியின் பூட்டைக் காணோம்.

விமானத்திலிருந்து நான் இறங்கி வருவதற்குள் எந்தப் புண்ணியவானோ கழற்றிவிட்டிருக்கிறான். ஜிப் வேறு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது.

வந்த முதல் நாளே இப்படியா? வேலைக்கு வந்த வீட்டில், எனக்கென்று ஒதுக்கிய அறையில், கட்டிலில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தும் பயனில்லை. அடுக்கியது அக்கா. உள்ளே எது இருந்தது, எது போனது என்று எனக்கு எப்படித் தெரியும்?

எடை மட்டும்தான் தெரியும்.

குளியலறையில் எடை பார்க்கும் மிஷின் ஒன்று கிடந்தது. அதை இழுத்து அறை நடுவில் போட்டேன்.

எங்கள் வீட்டு மிஷினில் பெட்டியை வைத்தால் முள் மறைந்துவிடும். அதற்கு அக்கா ஒரு கணக்கு வைத்திருந்தாள். முதலில் ஆள் மட்டும் ஏற வேண்டும். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கழித்தால் பெட்டி. கிளம்புகிற அன்று என்னை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி இடுப்பை ஒடித்துவிட்டாள். நான் ஐம்பத்து நாலு. பெட்டியோடு எழுபத்தேழு. பெட்டி இருபத்து மூன்று. இதற்கு மேல் ஒரு ஹேர்பின் போட்டாலும் ஏர்போர்ட்டில் பிரிக்கச் சொல்வான் என்று ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்தச் சத்தத்திலும் பட்டாணி எழுந்திருக்கவில்லை.

பட்டாணி என் மகள். பள்ளிக்கூடப் பெயர் வேறு இருக்கிறது, அக்காவும் மற்றவர்களும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பட்டாணி என்பது நான் வைத்தது. நான் மட்டும் கூப்பிடுவது. அவள் அப்பா போய்ச் சேர்ந்ததிலிருந்து என் புடவை முந்தானையைப் பிடிக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அன்றும் பிடித்துக்கொண்டுதான் படுத்தாள். முழிக்கும்போது பக்கத்தில் இருப்பாயா என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். நம்பவில்லை. அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் கண்ணை மூடினாள்.

அக்கா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தை தலையில கை வெச்சு யாராவது பொய் சத்தியம் பண்ணுவாங்களாடி பாவி? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அது போதும் எனக்கு. வண்டியில், ஏர்போர்ட்டில், ஆகாயத்தில், வழி முழுக்க அதே நினைப்பு. பிழைப்புக்காக ஊரான் பிள்ளையை வளர்க்கப் போகிறவள், தான் பெற்ற பிள்ளையின் தலையில் நெருப்பை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கடவுளே, அந்தச் சத்தியத்தை எப்படியாவது மெய்யாக்கிவிடு, அவளுக்கு ஒன்றும் வரக்கூடாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

மற்றது எதுவும் மனதில் பதியவில்லை. விமானத்தில் தண்ணீர் கொண்டுவந்த பெண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். என் மூஞ்சி லட்சணம் அப்படி என்று விட்டுவிட்டேன். இங்கே இறங்கியதும், தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு எனக்குத் திறக்கவில்லை. பின்னால் ஒருவர் வந்து நின்ற பிறகுதான் திறந்தது. கதவுக்குக்கூட ஆள் பார்த்து மரியாதையா என்று திட்டிவிட்டு நுழைந்தேன். வீட்டுக்காரம்மாவும் கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்துச் சிரித்து, பெட்டிக்குத்தான் அறையைக் காட்டினார்.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று மிஷினில் ஏறினேன்.

பூஜ்யம்.

பேட்டரி போயிருக்கும். காலால் ஒரு தட்டு தட்டினேன். மறுபடி ஏறினேன். பூஜ்யம்தான்.

சனியன், பெட்டியோடாவது காட்டுகிறதா பார்ப்போம் என்று பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். எண்கள் ஓடின. ஓடி, நின்றன.

இருபத்து மூன்று.

கழித்துப் பார்த்தேன். பெட்டியிலிருந்து ஒரு ஹேர்பின்கூடத் திருட்டுப் போகவில்லை.

பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அக்காவின் நம்பருக்கு அடித்தேன். பட்டாணி அழுதிருப்பாள். வீடெல்லாம் தேடியிருப்பாள். காய்ச்சலில் கிடக்கிறாளோ என்னவோ. எடு அக்கா, எடு.

எடுத்தது பட்டாணி.

அழுகை இல்லை. காய்ச்சல் இல்லை. வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருந்தாள். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது.

"தங்கம், அம்மா பேசுறேன்டி."

மெல்லுகிற சத்தம் நின்றது. பிறகு போனிலிருந்து வாயை எடுத்து, வேறு யாரிடமோ சொன்னாள்.

"அம்மா, இங்க பாரு, யாரோ அம்மா பேசுறேன்னு சொல்றாங்க."

யாரோ அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சீப்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா சற்று எட்ட, அடுப்படியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் எனக்குத் தெரியும். அடுத்து வந்த குரல் அவள் பக்கத்திலிருந்து வரவில்லை. குழந்தையின் காதோரத்திலிருந்து வந்தது.

"ராங் நம்பரா இருக்கும். வெச்சிடு, பட்டாணி."