ஆவணியில் எடுத்த பிரதி

எங்கள் வம்சாவளியைக் காட்டும் இணையதளம் காலையிலிருந்து திறக்கவில்லை. குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் அதற்கு நான் பொறுப்பு. என் அனுமதியில்லாமல் அதில் ஒரு பெயர் ஏறாது, இறங்காது.

தம்பி மகள் வடிவு மடிக்கணினியோடு வந்தாள். "நம்ம தளம் கிளவுடுல ஓடுன மெஷின் செத்துப்போச்சு பெரியப்பா. ஆவணில அதோட டிஸ்க்க அப்படியே ஸ்நாப்ஷாட்டா ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கேன். அதுல இருந்து புது மெஷின் எழுப்புதேன். அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வரும்."

வந்தது. என் பெயருக்குக் கீழே என் மகள் மங்கையர்க்கரசி இருந்தாள். புரட்டாசியில் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு அவள் போன அன்று நானே அழித்த பெயர். என் பெயருக்குப் பக்கத்தில் என் மனைவி சௌந்தரம். ஐப்பசியில் அவள் இறந்தாள். திரையில் இறந்த தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"ஆவணிக்கு அப்புறம் நடந்ததெல்லாம் நாமதான் திரும்ப ஏத்தணும். பெரியம்மா தேதியச் சொல்லுங்க."

"இரு."

"இப்படியே திறந்துவிட்டா மங்கை அக்கா பேர சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் பாப்பாங்க. அப்புறம் என்னைய ஏசக்கூடாது."

"நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா."

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாயும் மகளும் அருகருகே இருந்தார்கள். சற்று நேரத்தில் திரை மங்கத் தொடங்கியது. விரலால் தொட்டேன், வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டேன்.