பாதி முகத்தில் நுரை

காலை வெயில் சமையலறை ஜன்னல் வழியாக வந்து, அவர் தாடையில் பூசிய நுரையில் மின்னுகிறது. துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்; கையசைத்தால் கப்பல்கள் சரக்கு இறக்காமல் நிற்கும். போட்டிச் சங்கத் தலைவனைச் சலூன் நாற்காலியிலேயே வெட்டிச் சாய்த்தது இவருடைய ஆட்கள்தான் என்று ஊரே பேசுகிறது. மனைவி அதைப் பற்றிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் சலூன் படியேறுவதில்லை; அவள்தான் சவரம் செய்துவிடுகிறாள். அவளிடம்கூடக் கண்ணை மூடாமல்தான் கழுத்தைக் கொடுப்பார். "அப்படி முறைக்காதீங்க, நானும் உங்க எதிரியா?" என்கிறாள். "உன்னவிடப் பெரிய எதிரி யாரு? கத்தியே உன் கையிலதான இருக்கு." அவர் சிரித்த சிரிப்பில் நுரை அவள் மூக்கில் தெறிக்கிறது. "ஆடாதீங்கன்னா!" என்று அவளும் சிரிக்கிறாள்.

ஒரு பாதி முகத்தை மழித்துவிட்டு, கத்தியைக் கழுவிக்கொண்டு திரும்பினால், அவர் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை வருகிறது. இப்படி அசந்து தூங்கி அவள் பார்த்து வருஷக்கணக்காகிறது. வாசலில் காவல் நிற்கும் டிரைவர் எட்டிப் பார்க்கிறான். "அண்ணி, கூட்டத்துக்கு எல்லாரும் காத்திருக்காங்க. அண்ணனை எழுப்பவா?" "எழுப்பினா உன் மீசை இருக்காது," என்று கிசுகிசுக்கிறாள். அவன் மீசையைப் பொத்திக்கொண்டு நுனிக்காலில் பின்வாங்குகிறான். நுரை காய்கிறது. காயட்டும் என்று, மழிக்காத அந்தப் பாதியைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள்.