கும்பிடாத கை

மாயாண்டி கங்காணி திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முருகன் படம் பார்க்கத் ரப்பர் தோட்டமே திடலில் கூடியிருக்க, அவர் மட்டும் சனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் நவமணிக்குத் தெரியும்; கங்காணி வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது காதில் விழுந்தது. கூலியை உயர்த்தச் சொல்லி ஆள் சேர்ப்பவன் யார் என்று துரை துருவிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவனுக்குச் சாமியே ஆகாது, முருகன் வரும்போது எவன் கை எழவில்லையோ அவன்தான் ஆள் என்பது கங்காணியின் கணக்கு. ஈப்போவிலிருந்து படத்தை வரவழைத்ததே அதற்குத்தான். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில், எல்லார் கண்ணெதிரிலும் அவனைப் போலீசில் ஒப்படைப்பதாக ஏற்பாடு.

அவள் புருஷன் சீனிக்குச் சங்கமும் தெரியாது, கிங்கமும் தெரியாது. பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு கோயில் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

"கும்பிட்டுருய்யா, கங்காணி பாக்குறாரு" என்று நவமணி அவன் விலாவில் இடித்தாள்.

"எம்புள்ளய எடுத்துக்கிட்ட சாமிக்குக் கும்பிடு ஒரு கேடா?"

ஊமைப்படத்தில் வேலோடு முருகன் தோன்றினார். திடலில் கைகளெல்லாம் எழுந்தன. பால்மரம் வெட்டும் இருளாயி அக்காவுக்கு அருளே வந்துவிட்டது. தலைவிரித்து ஆடியவளிடம் திருநீறும் குறியும் கேட்டுச் சனம் முண்டியடித்தது. ஒவ்வொருவர் காதிலும் அவள் ஏதோ சொன்னாள். மாதாகோயிலுக்குப் போகும் ஆம்புரோஸ்கூட நெற்றியை நீட்டினான்.

"சாமிப் படம்னா வேதக்காரனுக்கும் பக்தி வருது லா!" என்று கங்காணி பூரித்துப்போனார். பிறகு அவர் பார்வை சீனியின் கைகளில் வந்து நின்றது.

"இவன்தான்! ஸ்டோர்ல போட்டுப் பூட்டுங்கடா!"

சீனியை இழுத்துப் போனார்கள். ஒருவரும் எழுந்து தடுக்கவில்லை. இத்தனை பேர் இருந்தும் கேட்க நாதியில்லையே என்று நவமணிக்கு நெஞ்சு வெடித்தது. ஓடிப்போய் இருளாயி காலில் விழுந்தாள்.

"தாயி, எம்புருசனக் காப்பாத்து!"

கங்காணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு விலகி நின்றார். ஆடிக்கொண்டே குனிந்த இருளாயி, திருநீற்றை நவமணியின் நெற்றியில் அழுத்தினாள். காதருகே வந்த குரலில் ஆட்டமே இல்லை.

"அழாத புள்ள. கூலிய ஒசத்துற வரைக்கும் பெரட்டுக்கு ஒருத்தரும் போவக்கூடாதுன்னு எல்லாருக்கும் முன்னயே சொல்லிட்டேன். இனி சீனியயும் விட்டாத்தான் வேல."