ஒட்டக் கூடாத இடம்

"ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம இருக்க, மெம்பரேன் தாளைப் பால் பவுடர் கரைசல்ல எவ்வளவு நேரம் ஊறப்போட்டீங்க?"

"ஒரு மணி நேரம் மேடம். போன வாரம் நீங்க சொன்னீங்கன்னு ராத்திரி முழுக்கவும் போட்டுப் பார்த்துட்டேன்." போனில் பதில் சொன்னாள் ஓர் ஆராய்ச்சி மாணவி.

குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடி ஒட்டிக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடிகளைத் தயாரித்து, ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் கம்பெனி அது. வாங்கியவர்கள் குறை சொன்னால் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் குற்றத்தை அவர்கள் தலையிலேயே கட்டி அனுப்புவது, கம்பெனியில் போனை எடுத்த அவளுடைய வேலை.

"அப்போ சரியாக் கழுவியிருக்க மாட்டீங்க. கை பழகலைன்னா இப்படித்தான்."

"இல்ல மேடம். செல்லுக்குள்ள சேதி கொண்டுபோற ஒரே ஒரு புரதத்துலதான் இது ஒட்டும்னு போட்டிருக்கீங்க. அந்தப் புரதத்தையே அடியோட எடுத்துட்ட செல்லுல வெச்சுப் பார்த்தேன். அப்பவும் ஒட்டினதுக்கு அடையாளமா அதே இடத்துல கறுப்புக் கோடு விழுது! இல்லாததுல எப்படி ஒட்டும்? வேற எதையோ பிடிச்சுக்கிட்டு நிக்குது. என் நாலு வருஷ உழைப்பு மேடம்..."

"புரதம் முழுசாப் போயிருக்காது. மறுபடி செஞ்சு பாருங்க."

"மூணு தடவை செஞ்சாச்சு. என் கையிலதான் கோளாறுங்கிறார் எங்க புரொபசர். அடுத்த மாசம் வெளிய அனுப்பிடுவார். ஆன்டிபாடியிலதான் தப்புன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். அக்கா மாதிரி நினைச்சுக் கேக்கறேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அதுக்கு வழியில்லைம்மா."

"வேற யாருமே இதைச் சொன்னதில்லையா?"

"இல்ல. நீங்கதான் முதல் ஆள்."

மறுமுனையில் ஒரு விசும்பல். பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "அழுதுட்டாங்களா? உங்களுக்குக் கல்நெஞ்சுங்க. அது சரி, கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்து நிக்குதே, மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரி!"

"பழகிடுச்சு" என்றபடி, புகார்ப் பதிவில் 'பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதினாள்.

ஆறு வருடங்களுக்கு முன், இதே ஆன்டிபாடி போட்ட இதே கறுப்புக் கோட்டைப் படம்பிடித்து எடுத்துக்கொண்டு, பாதியில் நின்றுபோன ஆராய்ச்சியோடு இந்தக் கம்பெனி வாசலில் வந்து தொண்டை கிழியக் கத்தியவள் அவள். படத்தை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்ட முதலாளி, மறுவாரமே இந்த வேலைக்கான உத்தரவை நீட்டினார்; அவளும் வாங்கிக்கொண்டாள்.