பச்சை முட்டையும் ஆய்வுப் பயணமும்

உலக உயிரியல் ஆராய்ச்சியின் எதிர்காலம் அன்று மாலை அந்தச் சாப்பாட்டு மேசையின் மேல் விரிந்து கிடந்தது. அது சுருண்டுகொள்ளாமல் இருக்க, ஒரு மூலையில் உப்பு ஜாடியும் மறு மூலையில் இருமல் மருந்து பாட்டிலும் வைக்கப்பட்டிருந்தன.

வெளிநாட்டு ஆய்வுப் பயணத்துக்கு ஊர்களைக் குறித்தபடி அந்த உலக வரைபடத்தின் மேல் குனிந்திருந்தவர் நகர அருங்காட்சியகத்தின் இயக்குநர். வீட்டிலும் கோட்டைக் கழற்றாதவர். தும்மினால்கூட அறிக்கை வெளியிடுவது போலத்தான் தும்முவார்.

எதிரே அவருடைய மனைவியின் தம்பி. விருப்ப ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். பணிக்காலம் முழுவதும் சைக்கிள் திருடர்களைத் தவிர வேறு யாரும் அவர் கையில் சிக்கவில்லை. ஒரே ஒரு பெரிய கேஸ், பத்திரிகையில் ஒரே ஒரு படம் என்ற ஏக்கம் ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை.

“நீங்க போற ஊர் ஜூவுல பாண்டா இருக்காமே? அதையும் சேர்த்துக்குங்களேன்” என்றாள் இயக்குநரின் மனைவி, தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர்களை மடித்தபடி.

“பாண்டா முட்டை போடாது” என்றார் இயக்குநர். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதாவது, நம்ம ஆய்வுக்கு அது பொருந்தாது.”

“அங்க மியூசியத்துல டைனோசர் எலும்புக்கூடு கூரை வரைக்கும் நிக்குதாம்.”

“நிக்கட்டும். எலும்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

பாண்டா வேண்டாம், எலும்பு வேண்டாம். அப்படியானால் முட்டை! சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அருங்காட்சியகத்துக்கு இருந்த ஒரே பெருமை ஒரு பச்சை முட்டை. எங்கோ தூரத்துத் தீவுப் பறவை போட்டது, தேங்காய் அளவு இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் டிக்கெட் வாங்கி வருவதே அதைப் பார்க்கத்தான். ஆனால் சில மாதங்களாக அந்தக் கண்ணாடிப் பேழையை யாரும் நெருங்க முடிவதில்லை. தடுப்புக் கயிறு பின்னால் நகர்ந்துவிட்டது. விளக்கு மங்கிவிட்டது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பது இயக்குநரின் விளக்கம்.

நேற்று சப்-இன்ஸ்பெக்டர் எல்லாரையும் போல டிக்கெட் எடுத்து உள்ளே போனார். காவலாளி கொட்டாவி விட்ட நேரம் பார்த்துக் கயிற்றைத் தாண்டி, டார்ச் அடித்துப் பார்த்தார். பேழைக்குள் இருந்தது ஒரு பிளாஸ்டர் உருண்டை. பச்சை பெயின்ட் ஒரு பக்கம் வழிந்து அப்படியே காய்ந்திருந்தது.

அப்படியென்றால் அசல்?

மேசைக்கடியில் சூட்கேஸ் திறந்து கிடந்தது. கோட்டுகளுக்கு நடுவில் ஒரு மரப்பெட்டி. அக்கா அதை நகர்த்தப் போனபோது, “அதைத் தொடாதே!” என்று இயக்குநர் அலறியதில் அவள் கை பதறி மூடி திறந்துகொண்டது. உள்ளே வெள்ளைப் பஞ்சு. பஞ்சின் நடுவே தேங்காய் அளவுக்கு ஒரு பள்ளம்.

முட்டையைக் கடைசி நேரத்தில்தான் வைப்பார் போலிருக்கிறது. கைதேர்ந்தவர்கள் அப்படித்தான். சைக்கிள் திருடர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

“மாப்ளே, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்” என்றார் இயக்குநர், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “ஏர்போர்ட்ல பெட்டியைக் கட்டாயம் திறந்து பார்ப்பாங்களா? ஒடையற சாமான்னு எழுதி ஒட்டிட்டா விட்டுடுவாங்களா?”

சப்-இன்ஸ்பெக்டரின் கை சட்டைப் பையிலிருந்த கைபேசிக்குப் போனது. ஸ்டேஷன் எண் தயாராக இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் நாளைக் காலைப் பத்திரிகையில் அவர் படம். பக்கத்திலேயே அத்தான் படமும் வரும், அதுதான் சங்கடம். ‘இவரை வெளிநாட்டுல வருந்தி வருந்திக் கூப்பிட்டிருக்காங்க’ என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள் அக்கா. நாளைக்கு அவள் எந்த முகத்தோடு வாசலில் நிற்பாள்?

“அக்கா, ஒரு டீ கிடைக்குமா?”

“இப்பத்தானே ரெண்டு குடிச்சே?” என்று முனகிக்கொண்டே அவள் சமையலறைக்குப் போனாள்.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“அத்தான், கண்ணாடிக்குள்ள இருக்கறது டூப்ளிகேட். நான் பார்த்துட்டேன். அசலை எந்த நாட்டுல, யாருக்கு விக்கப் போறீங்க? உண்மையைச் சொல்லிட்டா, அக்காவுக்காக இதோட விட்டுடறேன். மழுப்பினீங்கன்னா ஸ்டேஷனுக்கு போன் போட்டுடுவேன்.”

இயக்குநரின் கோட்டுக்குள்ளிருந்து காற்று இறங்கியது போல இருந்தது.

“விக்கறதா? வாங்கத்தான்டா போறேன், மாப்ளே! அந்தப் பறவை இருக்கற ஜூ, அதோட முட்டை இருக்கற மியூசியம், ஒண்ணு விடாம ஏறி இறங்கப் போறேன். எவன் கால்லயாவது விழுந்து ஒரு முட்டை வாங்கிட்டு வந்துடணும். மேலிடத்துலேர்ந்து சோதனைக்கு ஆள் வர்றாங்க. பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்தாங்கன்னா என் வேலை போச்சு.”

“அப்ப அசல் எங்கே?”

இயக்குநர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“மியூசியம் காலண்டருக்கு என்னைப் படம் எடுத்தாங்க. முட்டையைக் கையில ஏந்திக்கிட்டு நான் கம்பீரமா நிக்கற மாதிரி. டை கோணலா இருந்துச்சு. அதைச் சரிபண்ணலாம்னு முட்டையைப் பின்னாடி இருந்த நாற்காலியில வச்சேன். அந்த நேரம் பார்த்து போட்டோகிராபர், ‘நின்னா சரியா வரலை, அப்படியே உட்காருங்க சார்’னாரு.”

இயக்குநர் முட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.