ஐந்து சிவப்பு நகங்கள்

ஈரத் துணியை விலக்கியதும் டாக்டர் கொவால்சுக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாடத்துக்காக மேஜையில் கிடத்தியிருந்த, இறந்துபோன ஓர் அம்மாளின் வலது கையில், ஐந்து விரல்களிலும் பளபளவென்று சிவப்பு நகப்பூச்சு. நேற்றுத்தான் பூசியது போல் மினுமினுத்தது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"யார் பண்ண வேலை இது?"

பென்சில்வேனியாவின் அந்த மருத்துவக் கல்லூரியில் முப்பத்தைந்து வருடமாக உடற்கூறு பாடம் நடத்துகிறவர் அவர். மே மாதத்தோடு ஓய்வு. நரம்பைத் தப்பாக அறுத்துவிட்டு முழிக்கும் பிள்ளைகளைக்கூட, "பரவாயில்ல, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க" என்று தட்டிக்கொடுப்பார். வெள்ளிக்கிழமையானால் எல்லோருக்கும் டோனட் வாங்கி வருவார். ஆனால் தானமாக வந்த உடலிடம் விளையாடினால் மட்டும் மன்னிப்பே கிடையாது. அன்றைக்கே டீனிடம் போய்விடுவார். அப்படிப் படிப்பையே தொலைத்தவர்கள் உண்டு.

எல்லோர் கண்ணும் ப்ரென்ட் ஹோஃப்மன் பக்கம் திரும்பியது. ஹாலோவீன் பேய்த் திருவிழாவுக்குப் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்குத் தொப்பி மாட்டிவிட்ட புண்ணியவான் அவன்தான். தினமும் சாயங்காலம் அந்த அம்மாளின் கைகள் காய்ந்துவிடாமல் நனைத்துத் துணி சுற்றிவிட்டுப் போவதும் இந்த வாரம் அவன் முறை.

"நீயா?"

"ஆமா டாக்டர்."

"ஏன் பண்ணே?"

"சொன்னா சிரிப்பாங்க டாக்டர்."

"சிரிக்கத்தானே பண்ணே? நம்மள நம்பி உடம்பையே எழுதிக் கொடுத்தவங்க இவங்க. உனக்கு பொம்மையாப் போச்சா? ஏப்ரனைக் கழட்டு. டீன் ஆபீஸ்ல போய் உட்காரு, நான் வர்றேன்."

ப்ரென்ட் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு கதவை நோக்கி நடந்தான். 

"மெகன், அசிட்டோன் எடுத்துட்டு வாம்மா. முதல்ல இந்தக் கண்றாவியைத் துடைக்கணும்."

மாணவி மெகன் பாட்டிலோடு வந்தாள். எதற்கும் பார்த்துவிடலாமென்று இடது கைத் துணியையும் விலக்கினாள்.

"டாக்டர், இங்கேயும் இருக்கு."

"ரெண்டு கையிலயுமா? என்ன தைரியம் இவனுக்கு!"

"இல்ல டாக்டர், இது பழசு. மங்கிப்போயிருக்கு. இவங்க வந்தப்பவே இருந்திருக்கும். ஆனா அதே சிவப்பு."

கொவால்சுக் குனிந்து பார்த்தார். இடது கையின் ஐந்து நகங்களிலும் ஓரம் பிசகாமல், பொறுமையாகப் பூசியிருந்தது. நிமிர்ந்தார். ப்ரென்ட் கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

"வலது கையில ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு டாக்டர்" என்றான் தயங்கித் தயங்கி. "எங்கம்மாவும் இடது கைக்குத்தான் முதல்ல பூசுவாங்க. இவங்களும் ஒரு கை முடிச்சிருக்காங்க. அடுத்த கைக்குப் பூசறதுக்குள்ள..."

கையிலிருந்த ஏப்ரனைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தான்.

"பாதியில நிக்குதேன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. கடை கடையா ஏறி இறங்கி அதே கலரைத் தேடிப் பிடிச்சேன். அவ்வளவுதான் டாக்டர்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

 மூன்று வாரமாகத் தினமும் இதே மேஜையருகே நின்றவர் கொவால்சுக். மனிதனின் கையைப் பற்றிப் பேசியே ஊரெல்லாம் பெயர் வாங்கியவர். இந்தக் கையை அவர் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அந்தத் தடிப்பயல் மேல் பாசமும் பொங்கியது.

அசிட்டோன் பாட்டிலை வாங்கி இறுக மூடினார்.

"டேய், அங்க என்ன நின்னுக்கிட்டு? ஏப்ரனைப் போட்டுக்கிட்டு வா."

பிறகு அவரே அந்த அம்மாளின் இரண்டு கைகளிலும் ஈரத் துணியைப் பதமாகச் சுற்றினார்.

"இன்னிக்கு கால் பாடம்."

"கை என்ன ஆச்சு டாக்டர்? அடுத்த வாரம் பரீட்சையாச்சே!" என்றாள் மெகன்.

"கையை நாளைக்கு அறுத்துக்கலாம்மா. அவங்க ஆசையா ஆரம்பிச்சது. ஒரு நாளாவது முழுசா இருக்கட்டும்."